எதிரணிக்குக் காத்திருந்த பதினைந்து ஆண்டுகள்

இலங்கைப் பாடசாலைகளின் றக்பி வரலாற்றைப் பேசுவோர் இரண்டு ஆண்டுகளைத் தவறாமல் குறிப்பிடுவர். ஒன்று 1891, மற்றது 1906. முன்னது, கண்டியில் ஒரு தலைமையாசிரியர் தம் மாணவருக்கு இவ்விளையாட்டை அறிமுகஞ் செய்த ஆண்டு. பின்னது, இரண்டு பாடசாலைகள் முதன்முதலாக ஒன்றையொன்று எதிர்த்து ஆடிய ஆண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே பதினைந்து ஆண்டுகள் கிடக்கின்றன. அந்தப் பதினைந்து ஆண்டுகளைப் பற்றியும், 1906 ஆம் ஆண்டின் ஒரு சனிக்கிழமையைப் பற்றியும், அவற்றை முன்னிட்டு எங்கள் மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றியும் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

றக்பிக்கும் மஸ்கெலியாவுக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு, அதுவும் மிகப் பழைய தொடர்பு. எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு விளையாட்டுக் கழகம் 1868 ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகம் என்பது அதன் பெயர். தரவளையில் அதன் மைதானம் இருக்கிறது. தேயிலை இந்த மலைகளை மூடுவதற்கு முன்னர், கோப்பிக் காலத்திலேயே, துரைமார் தமக்கென ஒரு சமதரையைத் தேடிக்கொண்டார்கள். கிரிக்கெட் கழகம் என்று பெயர் சூட்டிக்கொண்டாலும் றக்பியும் அங்கு ஆடப்பட்டது. ரதல்லையில் திம்புள்ளைத் தோட்டத்துரைமாரின் கழகமும் அவ்வாறே. ஆக, எங்கள் ஊரின் பெயர் றக்பி மைதானத்தில் நெடுங்காலம் ஒலித்தது. அந்த ஊரில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள்தாம் அதை ஆடவில்லை.

என்னுடைய தாத்தா துரைமார் கழகம் ஒன்றின் மைதானத்தில் வேலை செய்தவர். புல் வெட்டுவதும், உருளை இழுப்பதும், சுண்ணாம்பு கரைத்து வெள்ளைக் கோடு போடுவதும் அவருடைய வேலை. எந்தக் கோடு எத்தனை எட்டு என்பது அவருக்கு மனப்பாடம். அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன, தாண்டாவிட்டால் என்ன என்பது அவருக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளச் சொல்லி எவரும் அவரிடம் கேட்கவுமில்லை. ஆட்டத்தைப் பற்றி நான் சிறுவயதில் கேட்டபோது அவர் தந்த விளக்கம் இவ்வளவுதான்:

"தொரமாருக்குப் பந்த ஒதைக்கத் தெரியாதுப்பா. கட்டிப்புடிச்சிக்கிட்டு சேத்துல உருளுவாங்க. நாம அடுத்த நாளு போயி மண்ண மட்டமாக்கணும்."

றக்பியைப் பற்றிப் பின்னாளில் பல நூல்களைப் படித்திருக்கிறேன். தாத்தாவின் விளக்கத்தை மிஞ்சியது அவற்றில் அதிகமில்லை.

பந்தை உதைக்காமல் கட்டிப்பிடிக்கும் ஆட்டத்துக்கு உதைபந்தாட்டம் என்று எப்படிப் பெயர் வந்தது? 1863 இல் இங்கிலாந்தில் உதைபந்தாட்டச் சங்கம் அமைந்தபோது, பந்தைக் கையிலெடுத்துக்கொண்டு ஓடலாமா, அப்படி ஓடுபவனின் காலில் உதைத்து வீழ்த்தலாமா என்பதில் பிணக்கு மூண்டது. கையிலெடுத்து ஓடுவதை விடமாட்டோம் என்றவர்கள் விலகிப்போய், 1871 இல் றக்பி உதைபந்தாட்டச் சங்கத்தை அமைத்தார்கள். இரு சாராரும் தத்தம் ஆட்டத்தையே உதைபந்தாட்டம் என்று அழைத்தார்கள். 1879 இல் கொழும்பில் அமைந்த உதைபந்தாட்டக் கழகம் ஆடியதும் றக்பியைத்தான். அக்காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளில் 'புட்போல்' என்ற சொல்லைக் காண்பவர்கள் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

கண்டியில் இவ்வாட்டத்தைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயர் அல்லர். லூயி எட்மண்ட் பிளேஸ் என்னும் பறங்கியர் அவர். 1861 இல் கண்டியிலேயே பிறந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர். பின்னர் இந்தியா சென்று, கல்கத்தாவிலும் லாகூரிலும் ஆசிரியராகப் பணியாற்றினார். ஊர் திரும்பியதும் 1891 மே 4 ஆம் திகதி, கண்டி பெவிலியன் வீதியில், சொந்தமாக ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அதன் பெயர் ஆண்கள் உயர்தரப் பாடசாலை. சில ஆண்டுகளில் அது மெதடிஸ்த திருச்சபையின் பொறுப்பில் வந்தது. 1898 இல் அதற்குக் கிங்ஸ்வூட் என்று பெயர் சூட்டப்பட்டது. பிளேஸ் ஒரு வரலாற்றாசிரியருமாவார். 1900 இல் அவர் பாடசாலைகளுக்கென எழுதிய இலங்கை வரலாற்று நூல் நெடுங்காலம் பயிலப்பட்டது. 1923 வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர் அதிபராக இருந்தார்.

பாடசாலை தொடங்கிய நாளில் அவரிடம் வந்து சேர்ந்த மாணவர் தொகை பதினொன்று. இந்த எண்ணைக் காணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். றக்பி அணிக்கு ஒரு பக்கம் பதினைந்து பேர் வேண்டும். முழுப் பாடசாலையையும் மைதானத்தில் இறக்கினாலும் ஓர் அணிகூட முழுதாகத் தேறாது. அத்தகைய பாடசாலையில், அந்த முதல் ஆண்டிலேயே, அவர் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆள் சேரட்டும், இடம் கிடைக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை.

ஆனால் அவர் பலத்தால் ஆகாத காரியம் ஒன்றிருந்தது. பந்தை வாங்கிவிடலாம். விதிகளைக் கற்றுக்கொடுத்துவிடலாம். மாணவர் தொகையும் காலப்போக்கில் பெருகும். எதிரணியை அவர் எங்கிருந்து வாங்குவார்? இலங்கையில் வேறெந்தப் பாடசாலையும் அன்று றக்பி ஆடவில்லை. தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடும் பாடசாலைக்குப் பயிற்சி உண்டு. பருவம் என்று ஒன்று கிடையாது. இன்ன திகதியில் இன்னாரோடு ஆட்டம் என்று சுவரில் ஒட்டும் தாள்தான் ஓர் அணிக்கு உயிர். அந்தத் தாள் கிங்ஸ்வூட்டுக்குப் பதினைந்து ஆண்டுகள் கிடைக்கவில்லை.

எதிரணி இல்லாவிட்டால் விளையாட்டு என்னவாகும் என்பதற்குக் கல்கத்தாவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1873 இல் அங்கே ஆங்கிலேயர் ஓர் உதைபந்தாட்டக் கழகம் தொடங்கினர். அதுவும் றக்பிக் கழகமே. ஆட வந்த படைப்பிரிவினர் இடம் மாறிச் சென்றார்கள். எஞ்சியோர் போலோவையும் டென்னிஸையும் நாடினார்கள். நான்கைந்து ஆண்டுகளில் கழகம் கலைந்தது. வங்கியில் மிஞ்சியிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கிண்ணம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் மோதிக்கொள்ளும் கல்கத்தாக் கிண்ணம் அதுதான். நாகப்பாம்புகள் பிடிகளாகவும் யானை மூடியின்மேலும் அமைந்த அழகிய கிண்ணம். அதை நான் ஒரு நினைவுச் சின்னமாகவே பார்க்கிறேன். எதிரே நிற்க ஆளில்லாமல் மாண்டுபோன ஒரு கழகத்தின் நினைவுச் சின்னம்.

கண்டியில் அப்படி நிகழாமற் போனதற்கு இன்னொரு மனிதர் காரணமானார். அலெக்சாண்டர் கார்டன் பிரேசர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1904 இல் திரித்துவக் கல்லூரிக்கு அதிபராக வந்தார். அதற்கு முன் உகண்டாவில் பணிபுரிந்தவர். அவர் வந்த காலத்தில் ஆங்கிலப் பாடசாலைகளில் சிங்களமும் தமிழும் தீண்டத்தகாதவையாக இருந்தன. தாய்மொழி அறியாத கல்வி அரைகுறைக் கல்வி என்று வாதாடி, அவ்விரு மொழிகளையும் கற்பிக்க ஏற்பாடு செய்தவர் பிரேசர். அவர் காலத்திலேயே திரித்துவக் கல்லூரி றக்பிப் பந்தைக் கையிலெடுத்தது.

1906 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை. கண்டி போகம்பரை மைதானம். எங்கள் கணக்கில் அது ஆடி மாதத்தின் கடைசிப் பகுதி. கிங்ஸ்வூட் ஒரு பக்கம், திரித்துவம் மறு பக்கம். தாம் படித்த பாடசாலையை எதிர்த்துத் தாம் உருவாக்கிய பாடசாலை ஆடுவதைப் பிளேஸ் அன்று காண நேர்ந்தது. அவருக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. 1891 இல் அவரிடம் வந்த முதல் மாணவர்கள் இதற்குள் குடும்பஸ்தர்களாகியிருக்கக்கூடிய வயதினர். பந்தைத் தொட்ட முதல் தலைமுறைக்குக் கிட்டாத ஆட்டம், அடுத்த தலைமுறைக்குக் கிட்டியது.

ஆட்டம் ஆறுக்கு ஆறு என்று சமநிலையில் முடிந்தது.

இந்த எண்ணுக்குள் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. அன்றைய விதிப்படி எதிராளியின் கோட்டுக்கப்பால் பந்தை ஊன்றும் 'ட்ரை' ஒன்றுக்கு மூன்று புள்ளி. அதையடுத்துக் கம்பங்களுக்கிடையே உதைத்துச் செலுத்தினால் மேலும் இரண்டு; ஆக ஐந்து. தண்டனை உதைக்கு மூன்று. ஓட்டத்தில் பந்தைத் தரையில் விழவிட்டு உதைத்துச் செலுத்தினால் நான்கு. இவற்றை வைத்துக்கொண்டு ஆறு என்ற எண்ணை எட்டுவதற்கு ஒரே வழிதான் உண்டு, மூன்றும் மூன்றும். அதாவது இரு பக்கமும் இருமுறை புள்ளி பெற்றிருக்கின்றன. ட்ரைக்குப் பிந்திய உதை ஒன்றேனும் கம்பங்களுக்கிடையே செல்லவில்லை. ஒரேயோர் உதை நேராகப் போயிருந்தால் முதல் ஆட்டத்திலேயே ஒருவர் வென்றிருப்பார், ஒருவர் தோற்றிருப்பார்.

நேராகப் போகாதது நல்லதாயிற்று என்றே நினைக்கிறேன். முதல் நாளே ஐம்பது புள்ளி வாங்கித் தோற்றவன் மறுமுறை வர யோசிப்பான். வென்றவனும், இவனோடு ஆடுவதில் என்ன பெருமை என்று எண்ணுவான். சமநிலையில் முடிந்த ஆட்டம் இருவருக்கும் ஒரு கடனை மிச்சம் வைக்கிறது. அந்தக் கடனைத் தீர்க்க மீண்டும் சந்திக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளில், 1908 இல், இலங்கை றக்பி உதைபந்தாட்டச் சங்கம் அமைந்தது. 1920 இல் கொழும்பு றோயல் கல்லூரி திரித்துவக் கல்லூரியோடு ஆடத் தொடங்கியது. 1945 முதல் அவ்விரு கல்லூரிகளும் பிரட்பி கேடயத்துக்காக மோதுகின்றன. இன்று அந்த ஆட்டம் நடக்கும் நாட்களில் கண்டி நகரமும் கொழும்பு நகரமும் திருவிழாக் கோலம் பூணுகின்றன. அவ்வளவுக்கும் வித்து, போகம்பரையில் நிகழ்ந்த அந்த ஆறுக்கு ஆறு.

மைதானத்தையும் கவனிக்க வேண்டும். திரித்துவக் கல்லூரிக்கு அன்று அஸ்கிரிய மைதானம் கிடையாது. மலையைக் குடைந்து அதை அமைக்கும் வேலை 1909 இல் தொடங்கியது. 1915 இல்தான் அது திறக்கப்பட்டது. வசதிபடைத்த ஒரு மிஷன் பாடசாலைக்கே மலைநாட்டில் ஒரு சமதரை உண்டாக்க ஆறு ஆண்டுகள் பிடித்தன. எனவே முதல் ஆட்டம் நகரின் பொது மைதானத்தில் நடந்தது. எவருக்கும் சொந்தமல்லாத இடம். ஆகவே இருவருக்கும் பொதுவான இடம்.

இனி, அதே 1906 ஆம் ஆண்டில் எங்கள் பக்கம் எப்படியிருந்தது என்று பார்க்கலாம்.

1884 இல் ஹட்டன் வரை ரயில் வந்துவிட்டது. கோப்பி அழிந்து தேயிலை நிலைபெற்றுவிட்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த சில இலட்சம் மக்கள் தோட்டங்களில் இருந்தார்கள். ஆடி மாதத்தில் மஸ்கெலியாவில் மழை விடாது. கம்பளியைப் போர்த்துக்கொண்டு கொழுந்து பறிப்பார்கள். போகம்பரையில் ஆட்டம் நடந்த நேரத்தில் எங்கள் மலைகளில் பிள்ளைகளும் அப்படித்தான் நின்றிருப்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி தரவேண்டியது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று சட்டம் சொன்னது அதற்கு மறு ஆண்டில். 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில். ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியும், அதற்கென ஓர் அறையும் கொடுக்கவேண்டும் என்றது அச்சட்டம். ஒரு பக்கத்தில் இரு கல்லூரிகள் றக்பி ஆடிக்கொண்டிருந்தன; மறு பக்கத்தில் நான்கு சுவருள்ள ஓர் அறைக்குச் சட்டம் செய்யவேண்டியிருந்தது. கண்டிக்கும் மஸ்கெலியாவுக்கும் இடையே மைல் கணக்கில் தூரம் அதிகமில்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் ஆடவே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. பிள்ளைகள் எங்கும் ஆடுவார்கள். துணிப்பந்து கட்டி, லயத்து வாசலில், பிரட்டுக்களத்தில், ஸ்டோருக்குப் பின்னால் ஆடுவார்கள். எதிரணிதான் இல்லை. தோட்டம் என்பது தனித்தனித் தீவுகளாகவே இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேரக் கையில் துண்டு வேண்டும். அந்தத் துண்டு முறை 1921 இல்தான் சட்டப்படி நீங்கியது. அதன் பின்னரும் தோட்டம் தனியார் சொத்து. வெளியார் உள்ளே வர துரையின் அனுமதி வேண்டும். தொழிற்சங்கக்காரர்கள்மீது அத்துமீறல் வழக்குகள் போடப்பட்ட காலத்தை முதியவர்கள் அறிவார்கள். அத்தகைய இடத்தில், பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் பதினொரு பேர் பந்தோடு வந்து நிற்பது எளிய காரியமல்ல. கிங்ஸ்வூட் பதினைந்து ஆண்டுகள் எதிரணிக்குக் காத்திருந்தது என்றால், எங்கள் ஆட்கள் இரண்டு மூன்று தலைமுறை காத்திருந்தார்கள்.

நான் பாடசாலையில் படித்த காலத்திலும் நிலைமை பெரிதாக மாறியிருக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றிருந்தது. ஆனால் தேயிலைச் செடிகள் பாடசாலைச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றன. எங்களுக்குக் கிடைத்த சமதரை மவுசாகலை நீர்த்தேக்கத்தின் கரை. 1960களின் இறுதியில் அந்த நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. வறட்சிக் காலத்தில் நீர் இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் வெளியே தலைகாட்டும். கூடவே வெடித்த சேற்றுத்தரையாக ஓர் அகலமான சமவெளியும் வெளிப்படும். மாசி, பங்குனியில் அது எங்கள் மைதானம். பெரியவர்கள் தாங்கள் நடந்து திரிந்த கடைவீதி அங்கே இருந்தது என்று சொல்லிக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் அதன்மேல் பந்து உதைப்போம். மழை வந்தால் ஆட்டத்தோடு மைதானமும் மறைந்துவிடும்.

எங்கள் ஆட்டம் றக்பியன்று. காலால் உதைக்கும் ஆட்டம். மேல்கணக்கு ஒரு பக்கம், கீழ்க்கணக்கு ஒரு பக்கம். பத்தாம் திகதி சம்பளம் கிடைத்ததும் வீட்டுக்கு வீடு காசு சேர்த்துப் பந்து வாங்கினோம். ஆண்டுக்கணக்கில் ஒரே முகங்கள். யார் இடக்காலால் உதைப்பான், யார் தடுமாறுவான், யார் கோபப்படுவான் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆட்டத்தில் புதுமை எதுவுமில்லை, சண்டைகள்தாம் புதியவை.

1986 இல் எங்கள் பாடசாலையில் ஓர் இளம் ஆசிரியர் அணி ஒன்றைச் சேர்த்தார். பனியன் கிடையாது, வெள்ளைப் பாடசாலைச் சட்டையில் எண்ணை மையால் எழுதினோம். அந்த ஆண்டு எங்கள் பருவம் முழுவதும் ஒரேயொரு ஆட்டம். எதிரணி, அடுத்த நகரத்தின் ஒரு சிங்களப் பாடசாலை. 1983 கழிந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை நினைவிற்கொண்டால், ஒரு சிங்கள ஆசிரியர் பதினான்கு மாணவரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வருவதற்கு என்ன மனம் வேண்டியிருந்தது என்பது விளங்கும். அவர்களை அனுப்பிவைத்த பெற்றோருக்கும் அந்த மனம் வேண்டியிருந்தது. எங்கள் தாய்மார்கள் சிலர், சண்டை வந்துவிடுமோ என்று பயந்து, கரையில் வந்து அமர்ந்திருந்தார்கள்.

நாங்கள் ஒன்றுக்கு நான்கு என்று தோற்றோம். ஓவ்சைட் என்றால் என்ன என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. இரண்டு முறை நாங்கள் பந்தை வலைக்குள் அடித்துவிட்டுக் குதித்தபோது நடுவர் விசிலை ஊதினார். கோட்டிலிருந்து பந்தை எறியும்போது இரண்டு காலும் தரையில் இருக்கவேண்டும் என்பதை எங்களுக்கு எதிரணிப் பையன் ஒருவனே காட்டிக்கொடுத்தான். மேல்கணக்கும் கீழ்க்கணக்குமாக நாங்கள் பல ஆண்டுகள் ஆடிக் கற்றதைவிட அந்த எழுபது நிமிடத்தில் கற்றது அதிகம். எங்களுக்காக அந்த ஒற்றைக் கோலை அடித்தவன், இந்த ஊரில் நான் கண்ட ஓட்டக்காரர்களில் சிறந்தவன். அதைக் கண்டுகொண்டது எதிரணி ஆசிரியர்தான். எங்களுக்கு அவன் தினமும் கண்ட முகம். ஆட்டம் முடிந்ததும் அவர் அவனை அழைத்து, தோளைத் தட்டி, வயதைக் கேட்டார்.

தேத்தண்ணீரும் பணிஸும் சாப்பிட்டு பஸ் ஏறும்போது, அவர் எங்கள் ஆசிரியரிடம், "அடுத்த வருசமும் வாறம் சேர்" என்று தமிழிலேயே சொன்னார்.

அடுத்த ஆண்டு வரவில்லை. அது அவர் குற்றமன்று. 1987 முதல் 1989 வரை நாடு எப்படியிருந்தது என்பதை அக்காலத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பாடசாலைகள் வாரக்கணக்கில் மூடப்பட்டன. பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் மூடப்பட்டன. ஆட்டம் பற்றி நினைக்க எவருக்கும் நேரமில்லை. கோல் அடித்தவன் அதற்குள் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் வாழ்க்கை நன்றாகத்தான் இருக்கிறது, பேரன் கண்டுவிட்டான். ஆனால் அவன் எத்தனை பெரிய ஆட்டக்காரன் என்பது அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஓர் ஆட்டத்தைக் கொண்டு எதை அளக்க முடியும்?

பிற்பாடு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதும், பத்திரிகைப் பணியின் பொருட்டும், கண்டியில் பாடசாலை றக்பி ஆட்டங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஆரவாரமும் கொடிகளும் பழைய மாணவர்களின் பாட்டும் எனக்கு அந்நியமாகவே இருந்தன. என்னைக் கவர்ந்தது வேறு. ஆட்டம் முடிந்து வெளியே வருபவர்கள் எல்லோரும் அடுத்த ஆண்டு ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு போவார்கள். அடுத்த ஆண்டும் எதிரணி வரும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. அந்த நிச்சயம்தான் அவர்களுடைய உண்மையான சொத்து. பந்தோ, பாதணியோ, புல்தரையோ அன்று.

இன்று மலையகத்தில் அணிகள் இல்லாமலில்லை. ஹட்டனில் டன்பார் மைதானம் இருக்கிறது. நோர்வூட்டில் பெரிய மைதானம் ஒன்று இருக்கிறது. 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் மலையக மக்களைச் சந்திக்க வந்தபோது, அத்தனை பேர் கூடுவதற்கு அந்தச் சமதரைதான் கைகொடுத்தது. வலய மட்ட, மாகாண மட்டப் போட்டிகள் நடக்கின்றன. ஆனாலும் மேல்மலைத் தோட்டத்துப் பாடசாலைகள் பலவற்றில், முதற் சுற்றில் தோற்றால் அந்த ஆண்டின் பருவம் அத்தோடு முடிந்தது. ஒரு காலை, ஓர் ஆட்டம், ஒரு தோல்வி, ஒரு பஸ் பயணம். பிறகு பன்னிரண்டு மாதம் மேல்கணக்கும் கீழ்க்கணக்கும்.

தேர்தல் காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்குப் பந்துகள் கிடைக்கின்றன. படம் அச்சிட்ட பனியன்களும் கிடைக்கின்றன. வெளிநாட்டில் வாழும் அன்பர்கள் பாதணிகள் அனுப்புகிறார்கள். எல்லாம் நல்ல காரியங்களே. எவரையும் நான் குறைகூறவில்லை. ஆனால் பிளேஸின் பாடசாலையிலும் பந்து இருந்தது. பந்து இருந்தும் பதினைந்து ஆண்டுகள் அவர்களுக்கு ஆட்டம் இல்லை.

எனவே உதவ விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள். பாடசாலை ஒன்றுக்குப் பத்துப் பந்து வாங்கும் பணத்தில், ஓர் அணியை பஸ் ஏற்றி அடுத்த பள்ளத்தாக்குக்கு அனுப்பலாம். அல்லது அங்கிருந்து ஓர் அணியை இங்கே வரவழைக்கலாம். போட்டியும் கிண்ணமும் தேவையில்லை. ஆண்டுக்கு ஆறு ஆட்டம், இன்ன திகதியில் இன்னாரோடு என்று எழுதி ஒட்டிய ஒரு தாள் போதும். மஸ்கெலியாவிலிருந்து பொகவந்தலாவைக்கும், நோர்வூட்டிலிருந்து தலவாக்கலைக்கும் அப்படி ஒரு தாள் இருக்கட்டும். கண்டிக் கல்லூரிகளின் கனிஷ்ட அணிகளும் ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஹட்டனுக்கு வரலாம். உருண்டைப் பந்தோ நீள்பந்தோ, எங்கள் பிள்ளைகள் எதையும் கற்றுக்கொள்வார்கள். முதல் ஆட்டத்தில் நிச்சயமாகத் தோற்பார்கள். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். புறப்படும்போது, அடுத்த ஆண்டுத் திகதியைச் சொல்லிவிட்டுப் போனால் போதும். சொன்ன திகதியில் வரவும் வேண்டும்.